ஃபெலேதியின் குப்பி

நர்ஸ் வேலைக்கு வந்த முதல் வாரமே லெசியெலி தொங்கா நாட்டில் எங்கள் நுகுலேய் தீவின் போதகரை ஆஸ்பத்திரியை விட்டு வெளியே போகச் சொன்னாள். மூச்சுத் திணறிக்கொண்டிருந்த ஒரு குழந்தையைச் சுற்றி அவர் ஆட்களோடு நின்று ஜெபம் செய்துகொண்டிருந்தார். "வராந்தாவுல நின்னு ஜெபிங்க ஐயா. கர்த்தருக்கு அங்கருந்தும் கேக்கும். இந்தப் புள்ளைக்குக் காத்து வரணும்" என்றாள். போதகர் போய்விட்டார். அதற்கடுத்த ஞாயிறுகளில் அடங்காத பெண்களைப் பற்றியே பிரசங்கம் செய்தார். லெசியெலி முன்வரிசையில் உட்கார்ந்து, ஏதோ வேறொருத்தியைப் பற்றிப் பேசுகிறார் என்பதுபோலத் தலையாட்டிக் கேட்டாள்.

பெரிய தீவின் பங்காய் ஊரிலிருந்து மருந்துப் படகு தாமதமானால் அங்கிருக்கும் பெரிய டாக்டரையே ஃபோனில் கூப்பிட்டுத் திட்டுவாள். அவள் புருஷன் நியூசிலாந்தில் ஆப்பிள் பறிக்கப் போனவன். பருவம் முடிந்தும் திரும்பி வர மனமில்லாமல் இழுத்தடித்தபோது, "வராட்டி பரவால்ல, உன் பன்னிங்கள வித்துக்கறேன்" என்று ஒரு வரி அனுப்பினாள். அடுத்த விமானத்தில் ஆள் வந்து நின்றான்.

அப்படிப்பட்டவள் ஒரே ஒரு ஆளின் இருமல் கேட்டால் மட்டும் கையில் இருப்பதை எடுத்துக்கொண்டு பின்வாசல் வழியாகப் போய்விடுவாள். அது அவள் தம்பி ஃபெலேதி. பயம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. எங்களில் உடன்பிறந்தவள் எப்போதும் உடன்பிறந்தவனைவிட ஒரு படி மேல், அவன் பிள்ளைகள் விஷயத்திலும் கடைசிச் சொல் அவளுடையது. பிள்ளைகள் வளர்ந்த பிறகு தம்பி நுழையும் அறையில் அக்கா இருக்க மாட்டாள். உடம்பைப் பற்றிய பேச்சு எதுவும் இரண்டு பேர் காதிலும் ஒன்றாக விழக் கூடாது. சித்தப்பா பிள்ளை, அத்தை பிள்ளை, மாமன் பிள்ளை எல்லாரும் எங்களுக்கு உடன்பிறந்தவர்கள்தான். தீவோ கையகலம். ஒருவர் உள்ளே வர, இன்னொருவர் எழுந்து போவதை நாங்கள் யாரும் கவனிப்பதுகூட இல்லை. கவனித்தாலும் சொல்வதில்லை, சொன்னால் அதுதான் மரியாதைக் குறைவு.

ஃபெலேதி எங்கள் ஊர் அதிகாரி. அரசாங்கத்தின் சொல்லை ஊருக்குச் சொல்பவன், ஊரின் வசவை அரசாங்கத்துக்குச் சொல்பவன். ஆள் நின்றால் வாசலே அடைபடும், அவ்வளவு பெரிய உருவம். அக்கா இருக்கிற இடத்துக்கு வரும்போது வராந்தாப் படியிலேயே இருமுவான், அவள் எழுந்து போக நேரம் கொடுக்க. வருஷத்தின் முதல் வள்ளிக்கிழங்கு அவன் தோட்டத்திலிருந்து அவள் வாசலுக்குத்தான் போகும். ஆனால் இரண்டு பேரும் நேருக்கு நேர் பேசி இருபது வருஷமாவது இருக்கும்.

லெசியெலிக்கு ஒரே மகள், லுசியானே. எட்டு வயதில் அவளுக்குத் தொண்டை வலி வந்தது. அந்த வாரம் தேவாலயத்தில் பிள்ளைகளின் பாட்டுப் போட்டி. அம்மாவிடம் சொன்னால் பாடவிட மாட்டாள் என்று சொல்லாமலே விழுங்கிவிட்டாள். பாடி, பரிசும் வாங்கினாள். பிறகு முழங்கால் வீங்கியது, பிறகு மூச்சு வாங்கியது. பங்காயில் படம் எடுத்துப் பார்த்து, தொண்டைக் கிருமி இதயத்தின் கதவைக் கெடுத்துவிட்டது என்றார்கள். அன்றிலிருந்து மாதம் தவறாமல் இடுப்பில் பென்சிலின் ஊசி. வளர்ந்து பெரியவளாகும்வரை நிறுத்தக் கூடாது. அந்த ஊசியின் வலி குதிரை உதைத்த மாதிரி இருக்கும். அதைப் போடுவது அவள் அம்மாவேதான். ஊசி போட்ட அன்று மகள் அம்மாவோடு பேச மாட்டாள். லெசியெலியும் அன்று யாரோடும் பேச மாட்டாள். அவள் வாய் மூடியிருக்கும் நாள் அது ஒன்றுதான்.

ஆகையால் தொண்டைக் கிருமிக்கு ஒரு தடுப்பூசி கண்டுபிடித்துச் சோதித்துப் பார்க்கிறார்கள், அதற்கு ஆட்கள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்ட உடனே லெசியெலி பங்காய்க்குப் படகேறினாள். திட்டத்தை நடத்தியவள் வனெசா. தகப்பன் தொங்காக்காரர், பிறந்து வளர்ந்தது சிட்னியில். முப்பது வயசு இருக்கும். கெட்டிக்காரி. எங்கள் பாஷையைப் பாடப் புத்தகம் படிப்பதுபோலப் பேசுவாள்.

"முதல்ல பெரியவங்களுக்குப் போட்டுப் பாப்போம். அவங்க ரத்தம் நல்ல பதில் சொன்னா, அதே தீவுகள்ல அடுத்து சின்னப் பிள்ளைங்களுக்கு" என்றாள் வனெசா. "ஆனா இது வேலை செய்யுமான்னு இன்னும் யாருக்கும் தெரியாது. உங்க மகளுக்கு இது உதவாது, அதையும் சொல்லிடறேன்."

"என் மகளுக்குன்னு யாரு கேட்டா? அவளுக்கு அடுத்து இருக்கற வாண்டுங்களுக்குக் கேக்கறேன். பெரிய தீவுங்களுக்கு எல்லாம் போயிட்டு மிச்சம் மீதி இருந்தா நுகுலேய்க்குன்னு சொல்றதா இருந்தா இப்பவே சொல்லு, நான் வேற மாதிரி பேசுவேன்."

வனெசா நுகுலேயையும் சேர்த்துக்கொண்டாள். திட்டத்தின் சம்பளக்காரர்கள் சோதனைக்குக் கை நீட்டக் கூடாது என்று விதி இருந்தது. லெசியெலி தீவின் நர்ஸ்தான், திட்டத்தின் ஆள் இல்லை. அந்த இடுக்கில் நுழைந்து முதல் ஆளாக ஊசி போட்டுக்கொண்டாள். அவள் போட்டுக்கொண்ட பிறகு மாட்டேன் என்று சொல்ல ஊரில் யாருக்குத் தைரியம்? ஃபெலேதியும் போட்டுக்கொண்டான்.

ஊசியைவிட அதற்கு மறுநாள் எடுக்கும் ரத்தம்தான் அவர்களுக்கு முக்கியம். உடம்புக்குள் இருக்கிற மரபணுக்கள் எல்லாம் எப்போதும் வேலை செய்துகொண்டிருப்பதில்லை. சில சும்மா கிடக்கும், சில விழித்து வேலை பார்க்கும். கிருமியோ தடுப்பூசியோ உள்ளே வந்தால் சும்மா கிடந்ததில் பல விழித்துக்கொள்ளும். எவை விழித்தன, எவ்வளவு உரக்கக் குரல் கொடுத்தன என்று ரத்தத்தில் படிக்க இப்போது கருவிகள் இருக்கின்றன. ரத்தம் பிடிக்கும் குப்பிக்குள் இருக்கும் திரவம் ரத்தத்தை அந்த நேரத்து நிலையிலேயே நிறுத்தி வைத்துவிடும். மறுநாள் ரத்தத்தைத் தவறவிட்டால் தவறவிட்டதுதான். அந்த மறுநாள் திரும்பி வராது.

குப்பிகளின் மேல் பெயர் கிடையாது, எண் மட்டும். யார் எந்த எண் என்பது டேப் என்கிற கைக் கணினி ஒன்றில் இருக்கும். ரத்த உறவுகளை ஒப்பிட்டுப் பார்க்க வசதியாக இருக்கட்டும் என்று ஆபீசில் அண்ணன் தங்கை, அக்கா தம்பி எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அதே வரிசையில் குப்பிகளையும் அடுக்கி அனுப்பியிருந்தார்கள். உடன்பிறந்தவர்கள் ஜோடி ஜோடியாகக் கைகோத்து வந்து உட்காருவார்கள் என்று நினைத்தார்களோ என்னவோ!

முதல் ரத்தத்தை, ஊசிக்கு முன்னால், வீடு வீடாகப் போய் எடுத்தார்கள். அதில் குழப்பம் இல்லை. மறுநாள் ரத்தம் ஆஸ்பத்திரியில். ரத்தம் எடுக்க வந்தவன் சேமிசி. வடக்கே வவாவு தீவிலிருந்து வந்த பையன், இந்தத் தீவில் அவனுக்கு அக்காவும் இல்லை, தங்கையும் இல்லை. அதனால் எந்த வீட்டுக்குள்ளும் நுழையலாம், யார் கையையும் பிடிக்கலாம், யாரையும் கிண்டல் செய்யலாம். லெசியெலி டேப்பைப் பார்த்து எண்ணைச் சொல்வாள், அவன் அந்தக் குப்பியை எடுத்து ரத்தம் பிடிப்பான். காலையில் ஒழுங்காகத்தான் போயிற்று. பிறகு ஆண்கள் வர ஆரம்பித்தார்கள்.

வந்தவர்களில் பாதிப்பேர் லெசியெலிக்குத் தம்பி முறை, அண்ணன் முறை. ஒவ்வொருவன் இருமும்போதும் அவள் டேப்போடு பின்வாசலுக்குப் போனாள். உள்ளே காத்திருந்த பெண்களும் அவரவர் அண்ணன் தலை தெரிந்ததும் எழுந்து போய், அவன் போன பிறகு வந்தார்கள். சேமிசி தனியாக நின்று, தாங்கியில் அடுத்து எந்தக் குப்பி நிற்கிறதோ அதை எடுத்தான். லெசியெலி தன் ரத்தத்தைக் கொடுக்கக் கையை நீட்டி உட்கார்ந்த நேரத்தில் படியில் ஃபெலேதியின் இருமல் கேட்டது. "எடுடா சீக்கிரம்" என்றாள். எடுத்தான். பஞ்சை அழுத்திக்கொண்டு போய்விட்டாள். திரும்பி வந்தபோது எல்லாக் குப்பியும் நிறைந்திருந்தது. எதை யாருக்கு எடுத்தாய் என்று அவள் கேட்கவில்லை. உங்கள் தம்பி வந்து நீங்கள் எழுந்து போனபோது எண் தெரியவில்லை என்று அவனும் சொல்லவில்லை.

சில வாரம் கழித்து வனெசா படகில் வந்து இறங்கினாள். கூடவே வந்தது ஒரு பெட்டியும் உம்மென்ற முகமும். ஆஸ்பத்திரியில் லெசியெலியை உட்காரவைத்துக் கதவைச் சாத்தினாள்.

"நுகுலேயை எடுத்துடறோம்."

"எங்கருந்து?"

"திட்டத்துலருந்து. பெண்களோட உடம்புல மட்டும் ஓயாம வேலை செய்யற மரபணு ஒண்ணு இருக்கு. ஆண்களோட ரத்தத்துல அது வாயே தெறக்காது. உங்க தீவுல இதுவரைக்கும் ஆண்கள் பேர்ல இருக்கற குப்பிய மட்டும்தான் படிச்சிருக்கோம், பலதுல அது கத்திக்கிட்டு இருக்கு. ஊசிக்குப் பயந்து ஆண்கள் அவங்களுக்குப் பதிலா பெண்களை அனுப்பியிருக்காங்க. ரத்தம் குடுக்கறவங்களுக்கு நாங்க குடுக்கற ஃபோன் கார்டு பரிச மட்டும் கரெக்டா வந்து வாங்கியிருக்காங்க. பொய் ரத்தத்த வச்சு நாங்க ஒண்ணும் செய்ய முடியாது."

லெசியெலிக்கு ஒரு நொடியில் எல்லாம் புரிந்துவிட்டது. பின்வாசல் கண்முன் வந்தது. "யாரும் யாரையும் அனுப்பல. குப்பி மாறிப்போச்சு" என்று நடந்ததைச் சொன்னாள். வனெசா பொறுமையாகக் கேட்டாள். பொறுமையாகக் கேட்பதே சில பேருக்கு நம்பாமல் இருக்கிற விதம்.

"லெசியெலி, எங்க அப்பாவும் இந்த நாட்டுக்காரர்தான். அண்ணன் தங்கை வழக்கம் எனக்கும் தெரியும். அதெல்லாம் அந்தக் காலம். சிட்னில நானும் என் தம்பியும் ஒரே சோபாவுல உக்காந்து படம் பாப்போம். ஆஸ்பத்திரில, மருத்துவச் சோதனை நடுவுல, ஒருத்தர் வந்தார்னு ஒருத்தர் எழுந்து ஓடுவாங்களா? ஆபீஸ்ல இத யார் நம்புவா? இந்தாங்க, தன்னார்வலர்கள் ஆள் மாறாட்டம் பண்ணாங்கன்னு எழுதியிருக்கு. நர்ஸ் மேல தப்பு இல்லன்னும் எழுதியிருக்கு. ஒரு கையெழுத்து போடுங்க. உங்க பேர் கெடாது."

"என் பேர் கெடாம இருக்க ஊர் பேரக் கெடுக்கச் சொல்றியா?"

"தீவு எப்படியும் போகப் போகுது."

"நீ எடுத்தா போகும். நான் கையெழுத்துப் போட மாட்டேன். பேனாவ உள்ள வை."

"பிடிவாதம் பிடிக்காதீங்க."

"பிடிவாதம் இல்லாம இந்தத் தீவுல ஒரு மாத்திரை வந்ததில்ல, பொண்ணே. எங்க ஊர்க்காரங்கள திருடங்கன்னு சொல்றதா இருந்தா, கதவச் சாத்திக்கிட்டு என்கிட்ட சொல்லாத. நாளைக்குக் காலைல ஊர்க் கூடத்துல நின்னு அவங்க மூஞ்சியப் பாத்து சொல்லு. உன் அப்பன் பாஷைலயே சொல்லு."

வனெசாவுக்கும் ரோஷம் உண்டு. "சொல்றேன்" என்றாள்.

அவள் போன பிறகு லெசியெலி சேமிசியைக் கூப்பிட்டாள். அவன் முகத்தைப் பார்த்தாலே போதும், கேள்வி தேவையில்லை.

"எண் தெரியலன்னா கூப்பிட வேண்டியதுதானேடா?"

"எப்படிக் கூப்பிடறது நர்ஸம்மா? உங்க தம்பி சட்டைக் கையைச் சுருட்டிக்கிட்டு உக்காந்திருக்கார். 'அக்கா இங்க வந்து எண்ணைப் பாரு'ன்னு அவர் முன்னால கத்தட்டுமா? என்னைக் கடல்ல தூக்கிப் போட்டிருப்பார்."

"என் ரத்தம் எந்தக் குப்பில?"

சேமிசி தரையைப் பார்த்தான். "ஃபெலேதி அண்ணன் குப்பிலதான் இருக்கணும். அவரோடது உங்க குப்பில."

லெசியெலி ஊசிப் பெட்டியை முன்னால் இழுத்து வைத்துக்கொண்டாள். நாளைக்கு உண்மையை நம்பவைக்க வேண்டுமானால் பெயர் சொல்லிச் சொல்ல வேண்டும். ஊர் அதிகாரியின் குப்பியில் பெண் ரத்தம் என்று, அவனும் உட்கார்ந்திருக்கும் கூடத்தில், அவன் அக்காவே எழுந்து சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு ஆண்கள் கூடி உட்கார்ந்து காவாக் கஷாயம் குடிக்கிற இடத்தில் அவனை வைத்துச் செய்வார்கள், சாகும்வரை விட மாட்டார்கள். அக்கா உறவே வேண்டாம் என்று அவன் விலகிப்போனாலும் யாரும் அவனைக் குறை சொல்ல முடியாது. சொல்லாவிட்டாலோ பிள்ளைகளுக்கு ஊசி இல்லை. இரண்டில் ஒன்று. அவளுக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே ஊசிகளை எண்ணி அடுக்கினாள்.

காலையில் கூடம் நிறைந்துவிட்டது. பெண்கள் ஒரு பக்கம், ஆண்கள் ஒரு பக்கம். பொதுக் காரியம் பேசும்போது எல்லாரும் ஒரே கூரையின் கீழ் உட்காருவதில் தப்பில்லை, தேவாலயத்தில் உட்காருவதுபோலத்தான். முன்னால் ஃபெலேதி, சபைக்கு மரியாதையாக எங்கள் வழக்கப்படி இடுப்பில் நல்ல பாய் சுற்றிக் கட்டி, முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டு. பின்வரிசையில் லெசியெலி. ஜெபம் முடிந்ததும் வனெசா எழுந்தாள்.

சுற்றி வளைத்துப் பேசத் தெரிந்தவர்கள் இந்த மாதிரி விஷயத்தை ஒரு மணி நேரம் மீன், காற்று, படகு என்று பேசிவிட்டுத் தொடுவார்கள். வனெசா பாடப் புத்தகப் பாஷையில் நேராகப் போட்டு உடைத்தாள்.

"உங்க ஆண்களோட குப்பிங்கள்ல பெண்களோட ரத்தம் இருக்கு. ஆண் உடம்புல இருக்கற ரத்தம் வேற, பெண் உடம்புல இருக்கற..."

அவள் முடிக்கவில்லை. பெண்கள் பக்கத்தில் ஒருத்தி எழுந்து பக்கவாட்டுக் கதவு வழியாகப் போனாள். ஆண்கள் பக்கத்தில் இரண்டு பேர் ஜன்னல் பக்கம் நகர்ந்து, பிறகு காணாமல் போனார்கள். பிறகு கோழிக்கூட்டில் கல் விழுந்த மாதிரி ஆகிவிட்டது. நாற்காலி ஒன்று சாய்ந்தது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், ஒரு வார்த்தை பேசாமல், பாதிக் கூடம் காலி. ஃபெலேதியும் எழுந்து பெரிய வாசலுக்குப் போய்விட்டான். மிஞ்சியது அந்தக் கூடத்தில் உடன்பிறப்பு இல்லாதவர்கள், காது கேட்காத கிழவர்கள், சேமிசி. அப்புறம் லெசியெலி.

வனெசாவின் முகம் சிவந்தது. "பாத்தீங்களா? விஷயத்தச் சொன்ன உடனே ஓடறாங்க. நான் சொன்னது பொய்யா?"

லெசியெலி எழுந்து நின்றாள். அவளும் போயிருக்க வேண்டியவள்தான். தம்பி இன்னும் வாசலில் நிற்கிறான். கால்கள் பழக்கத்தில் பின்வாசல் பக்கம் திரும்பின. பிடித்து நிறுத்தினாள்.

"ஓடலடி! கண்ணத் தெறந்து பாரு. யாராவது உன்னைப் பாத்து ஓடுனாங்களா? அண்ணன் இருக்கான்னு தங்கச்சி போறா, அக்கா இருக்கான்னு தம்பி போறான். அதெல்லாம் அந்தக் காலம்னியே, இந்தா உன் கண்ணு முன்னால இன்னைக்குக் காலைல நடக்குது. நீ ஒரு வார்த்தை பேசினதுக்குப் பாதி ஊர் காலி. அன்னைக்கு ஆஸ்பத்திரில சட்டையச் சுருட்டி ரத்தம் எடுத்தோம். யாரு உக்காந்திருப்பா? குப்பி மட்டும் அடுக்கினபடியே வரிசையா உக்காந்திருந்துச்சு, நாங்க இல்ல!"

வனெசா வாசலையும் காலி நாற்காலிகளையும் பார்த்தாள்.

"இன்னும் கேளு. எண் இருக்கற டேப்ப எடுத்துக்கிட்டுப் பின்வாசல் வழியா போனவ நான். தப்பு என்னோடது. என் பேர எழுதிக்கோ, என்னைத் தூக்கு, வேற நர்ஸக் கொண்டு வா. ஆனா இந்த ஊர் ஆம்பளைங்க பயந்து பொண்டாட்டிய அனுப்பினாங்கன்னு எழுதாத. எந்தக் குப்பி எப்படி மாறிச்சுன்னு தெரியணுமா? ஊர் அதிகாரி ஃபெலேதி குப்பியப் பாரு. அதுல பொம்பள ரத்தம் இருக்கும். அது என் ரத்தம்."

யாரோ மூச்சை உள்ளே இழுத்தார்கள். பிறகு காது கேட்காது என்று நாங்கள் நினைத்திருந்த கிழவர்களில் ஒருவர், "அப்ப நம்ம ஃபெலேதி பொம்பளையா?" என்று சத்தமாகக் கேட்டார். இன்னொருவர், "அதான் மீசை சரியா வரலியா?" என்றார். ஜன்னலுக்கு வெளியே நின்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள். லெசியெலியின் முகத்தில் ரத்தம் இல்லை. அவள் வாசலைப் பார்க்கவில்லை.

ஃபெலேதி வாசற்படியில் கூடத்துக்கு முதுகைக் காட்டி, கடலைப் பார்த்து நின்றுகொண்டிருந்தான். இப்போது படியிறங்கிப் போய்விடுவான், அவ்வளவுதான் என்று நாங்கள் எல்லாருமே நினைத்தோம். அவன் ஒரு முறை இருமினான்.

"சேமிசி!"

"சொல்லுங்கண்ணே."

"அந்த சிட்னிப் பொண்ணுகிட்ட சொல்லு. கிழவங்ககிட்டயும் சொல்லு, காதுல நல்லா விழற மாதிரி." திரும்பவே இல்லை அவன். "என் குப்பில இருந்தது என் அக்கா ரத்தம். எங்க வீட்டுல என்னைவிட ஒசந்த ரத்தம். அது என் பேர்ல போச்சுன்னா எனக்கு அது மரியாதை. இதுல சிரிக்க என்ன இருக்குன்னு கேளு. யாராவது சொல்லட்டும், நான் இங்கதான் நிக்கறேன்."

மீசையைப் பற்றிக் கேட்டவர் தன் மீசையைத் தடவிக்கொண்டு ஜன்னலைப் பார்த்தார்.

"இன்னொண்ணும் சொல்லு. நர்ஸ வேலைய விட்டுத் தூக்கினா, அவங்க படகு இந்தத் துறையில நிக்காது. கயித்த நான்தான் புடிக்கறேன்."

லெசியெலி உட்கார்ந்தாள்.

வனெசா அன்று படகேறவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து ஆய்வுக்கூடத்துக்கு ஃபோன் போட்டாள். ஊசிக்கு முன்னால் வீடு வீடாக எடுத்த ரத்தம் கையில் இருக்கிறது, அது சரியான பெயரில் இருக்கிறது. ஒவ்வொருவர் ரத்தத்திலும் அவருக்கே உரிய சின்னச் சின்ன அடையாளங்கள் உண்டு. இரண்டையும் ஒப்பிட்டால் எந்தக் குப்பி யாருடையது என்று கண்டுபிடித்துவிடலாம். ஆள் மாறாட்டம் இல்லை, அதே ஆட்கள்தான் என்றால் எல்லாம் ஜோடி சேர வேண்டும். அவர்கள் ஒப்பிட்டுப் பார்க்கும்வரை அவள் தீவிலேயே இருந்தாள். லெசியெலி வீட்டில் தேங்காய்ப்பால் ஊற்றி அவித்த கீரையையும் மாட்டிறைச்சியையும் சாப்பிட்டாள். சாப்பிடும்போது ஒரு நாள் திடீரென்று சொன்னாள்.

"சிட்னில அத்தை எங்க வீட்டுக்கு வந்தா அப்பா உடனே எழுந்து தோட்டத்துக்குப் போயிடுவார். அத்தை போற வரைக்கும் புல்லு வெட்டிட்டு இருப்பார். ரெண்டு பேருக்கும் ஏதோ பெரிய சண்டைன்னு நெனச்சேன். அப்பா செத்தப்போ அத்தை அப்படி அழுதாங்க. எனக்குக் கோபம் வந்துச்சு. உயிரோட இருக்கும்போது பேசாம இப்ப என்ன அழுகைன்னு கேட்டுட்டேன்."

லெசியெலி கரண்டியைக் கீழே வைத்தாள். "கேட்டுட்டியா?"

"கேட்டுட்டேன்."

"அத்தை இருக்காங்களா?"

"இருக்காங்க."

"அப்ப ஃபோனப் போடு. கீரை அப்புறம் திங்கலாம்."

எல்லாக் குப்பியும் ஜோடி சேர்ந்தது. ஒன்றுகூட அந்நிய ரத்தம் இல்லை. செய்தி வந்த அன்று வனெசா சிரித்துக்கொண்டே சொன்னாள்: "ஒரு விஷயம். தடுப்பூசிக்கு ரொம்ப உரக்கப் பதில் சொன்ன ரத்தம் எது தெரியுமா? ஃபெலேதி பேர்ல இருந்த குப்பி. அதாவது உங்களோடது. மரபணுங்க எல்லாம் கத்தித் தீத்திருக்காம்."

"வாய் மட்டும்தான்னு நெனச்சியா?" என்றாள் லெசியெலி.

ஆபீசில் இன்னும் ஒரு முட்டுக்கட்டை இருந்தது. பிள்ளைகளுக்கு முன்னால் பெரியவர்களிடம் இன்னொரு முறை ரத்தம் எடுக்க வேண்டும், அது எல்லாத் தீவிலும் ஒரே மாதிரிதான் நடக்க வேண்டும், ஆண்களுக்கு ஒரு நாள், பெண்களுக்கு ஒரு நாள் என்று தனியாக முடியாது, வேண்டுமானால் இந்த வழக்கத்தை ஆஸ்பத்திரி வாசலில் விட்டுவிட்டு வரச் சொல்லுங்கள் என்றார்கள். ஃபோனை வனெசாவிடமிருந்து லெசியெலி பிடுங்கினாள். "எங்க மரியாதைய வாசல்ல விட முடியாது. உங்களுக்கு வேணும்னா ரத்தத்த எங்க வழில வந்து எடுத்துக்கங்க. இல்ல, குப்பியக் காலியா எடுத்துட்டுப் போங்க." பக்கத்தில் நின்ற வனெசா இந்தத் தடவை அவளைத் தடுக்கவில்லை. "அவங்க சொல்றதுதான் என் பதிலும்" என்று ஃபோனுக்குள் கத்தினாள். கேட்டபடி இரண்டு நாள் கிடைத்தது. இரண்டு டேப்பும் வந்தது.

பிள்ளைகளின் நாள் வந்தபோது நுகுலேயின் பெயர் பட்டியலில் இருந்தது. பிள்ளைகளுக்குத் தனி நாள் தேவையில்லை, மாமன் மகளும் அத்தை மகனும் இன்னும் ஒரே மரத்தில் தொங்குகிற வயசு. காலையிலேயே ஆஸ்பத்திரி முழுக்கக் கூச்சல். லுசியானேவும் அங்கே இருந்தாள். பதிமூன்று வயசு. அழுகிற பிள்ளைகளைப் பிடித்துக்கொள்ள அம்மா வரச் சொல்லியிருந்தாள். படியேறியதும் கொஞ்சம் நின்று மூச்சு வாங்கிக்கொண்டுதான் உள்ளே வந்தாள்.

லெசியெலி முதல் ஊசியைக் கையில் எடுத்தபோது வராந்தாவில் இருமல் கேட்டது.

அவள் எழுந்திருக்கவில்லை. ஊசியைக் கையிலேயே வைத்துக்கொண்டு கதவைப் பார்த்தாள். அவனும் உள்ளே வரவில்லை. வாசலில் அவன் முதுகு தெரிந்தது. முதுகுக்குப் பின்னால் நீண்ட ஒரு கை, ஐந்து வயது ஆலிசியை உள்ளே தள்ளிவிட்டது. ஃபெலேதியின் கடைக்குட்டி.

"அத்தைகிட்ட போ."

வனெசா படிவத்தை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். "அப்பா கையெழுத்து போடணும்."

"போட்டுத்தான் ஆகணும்னா போடறேன்" என்றான் ஃபெலேதி கடலைப் பார்த்தபடி. "ஆனா அவ அத்தை அங்க உக்காந்திருக்கும்போது இந்தப் புள்ள விஷயத்துல முடிவு எடுக்க நான் யாரு? சேமிசி, சொல்லேன் இவங்களுக்கு."

"எனக்குத் தெரியும்" என்றாள் வனெசா. பேனாவைக் கொடுத்தாள்.

ஆலிசி ஊசியைப் பார்த்ததும் உதட்டைப் பிதுக்கினாள். லுசியானே அவளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"வலிக்குமா?" என்றாள் ஆலிசி.

"வலிக்கும்" என்றாள் லுசியானே. "எனக்கு மாசாமாசம் வலிக்குது. உனக்கு இதோட போகட்டும்."

லெசியெலியின் கண் நிறைந்துவிட்டது. குத்தினாள். ஆலிசி ஊரே கேட்கிற மாதிரி அலறினாள்.

வாசலில் முதுகு அசையவில்லை. "சேமிசி! யாரு அழறது?"

"உங்க பொண்ணுதாண்ணே."

"நல்லா கத்தட்டும்" என்றான் ஃபெலேதி. "அத்தை ரத்தம்."